பொங்கலுக்கு யார் வீட்டில் பானை?

"பொங்கல் பொங்கிவிட்டதா?"

தை பிறக்கும் அன்று காலையில் தமிழ்நாடு முழுவதும் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவருக்கும் சந்தோஷம். பதில் சொல்பவருக்கும் சந்தோஷம்.

நாலு வருஷத்துக்கு முன்பு இந்தக் கேள்வியை நான் என் மாமனாரிடம் டெலிபோனில் கேட்டேன். அவர் கோவில்பட்டியில் இருக்கிறார். நான் குடியிருப்பது சென்னை சிந்தாதிரிப்பேட்டையில். எங்கள் வீட்டில் அப்போதுதான் பானை பொங்கியிருந்தது. என் சிறிய மகள் தட்டைக் கரண்டியால் தட்டி, "பொங்கலோ பொங்கல்" என்று கூவி ஓய்ந்திருந்தாள்.

மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இங்க ரெண்டு பேருதான மாப்ள. குக்கர்ல ஒரு கை அரிசி வச்சிருக்கா. பானை என்னத்துக்கு?" என்றார்.

போனை வைத்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "அப்பா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"பொங்கிடுச்சாம்" என்று பொய் சொன்னேன்.

நல்ல நாளும் அதுவுமாக அவள் கண் கலங்க வேண்டாம் என்று சொன்ன பொய் அது. ஆனால் அந்தப் பொய் இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

பழைய கணக்கு, புதிய வீடு

எங்கள் வீட்டுக் கதையில் புதுமை ஒன்றும் கிடையாது. என் தாயாருக்கு நான் ஒரே பிள்ளை. தகப்பனார் காலமாகிவிட்டார். என் மனைவியோ அவள் பெற்றோருக்கு ஒரே பெண். பொங்கல் ஒரு நாள். வீடு இரண்டு. நடுவில் ஓர் இரவு முழுவதும் ரயிலில் போகவேண்டிய தூரம்.

என் பாட்டிக்கு இந்தக் கஷ்டம் இருந்ததில்லை. அவளுக்கு ஆறு பிள்ளைகள். பெரியவன் வராவிட்டால் சின்னவன் வருவான். பெண் புகுந்த வீட்டில் பானை வைத்தால், இங்கே மருமகள் பானை வைப்பாள். யாராவது ஒருவர் வரவில்லை என்பது சாப்பாட்டு இலை போடும்போதுதான் தெரியும்!

இப்போது கணக்கு மாறிவிட்டது. மத்திய அரசு வருஷந்தோறும் பிறப்பு, இறப்புகளைக் கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்குப்படி, 1971-ல் தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரியாக ஏறத்தாழ 4 குழந்தைகள். 2020-ல் அது 1.4 ஆகக் குறைந்துவிட்டது. அதாவது, பத்துத் தாய்மாருக்கு 14 குழந்தைகள். பல வீடுகளில் ஒன்றே ஒன்று.

இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. தாய்மாரின் உடம்பு தேறியது. பிள்ளைகள் படித்தார்கள். "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சுவரில் எழுதிய காலம் போய், "நமக்கு ஒருவர்" என்பதே போதும் என்று பல தம்பதிகள் நினைக்கிறார்கள். அவர்கள் விருப்பம்.

ஆனால் பண்டிகை ஏற்பாடு மட்டும் இன்னும் பாட்டி காலத்துக் கணக்கிலேயே நடக்கிறது!

பெண் புகுந்த வீட்டில் பானை வைப்பாள். பிறந்த வீட்டிலிருந்து சீர் வரும். கோவில்பட்டிப் பக்கத்தில் அதைப் 'பொங்கல்படி' என்பார்கள். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, காய்கறி, கிழங்கு வகைகள், வசதிக்குத் தகுந்தபடி பானையும் புடவையும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் ஒன்றை மனத்தில் வைத்திருந்தார்கள். படி கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தகப்பனாருக்கு, அங்கே ஒரு மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் காத்திருப்பார்கள் என்பதுதான் அது.

ஒரே பெண்ணைப் பெற்றவருக்கு அங்கே யார் காத்திருக்கிறார்கள்? குக்கரும் ஒரு கை அரிசியும்தான்.

சீனாவிலும் இதே சண்டை

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்கவேண்டாம். சீனாவில் 1980 முதல், 'ஒரு தம்பதிக்கு ஒரு குழந்தை' என்று அரசாங்கமே கட்டுப்பாடு வைத்தது. 2016-ல்தான் அது தளர்ந்தது. கட்டுப்பாட்டுக் காலத்தில் பிறந்த ஒற்றைப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் கலியாணம் செய்துகொண்டார்கள். பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

சீனர்களுக்கு வருஷப் பிறப்புதான் பெரிய பண்டிகை. முதல் நாள் இரவு குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவேண்டும். வழக்கப்படி அது கணவன் வீட்டில். கலியாணமான பெண் பிறந்த வீட்டுக்குப் போவது வருஷத்தின் இரண்டாம் நாள். இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்துக் கிராமமாக இருந்தவரையில் இது சௌகரியமான ஏற்பாடு. மாப்பிள்ளை வடக்கே, பெண் தெற்கே என்று ஆனபோது, இரண்டாம் நாள் எப்படிப் போய்ச் சேருவது?

அங்கே இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. 'நாலு, இரண்டு, ஒன்று' என்கிறார்கள். மேலே நாலு பெரியவர்கள். நடுவில் தம்பதிகள் இருவர். கீழே ஒரு குழந்தை. நாலு பேருடைய ஆசையும் அந்த இரண்டு பேர் தலையில்! சிலர் வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டார்கள். சிலர் இரண்டு பெற்றோரையும் தங்கள் வீட்டுக்கே வரவழைத்தார்கள். பண்டிகைக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டவர்களும் ஏராளம்.

நாங்களும் சண்டை போட்டோம். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பேட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

தறிப்பேட்டையில் பண்டிகை

சிந்தாதிரிப்பேட்டை, உறவை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களால் உண்டான இடம். 1734-ல் சென்னையில் கும்பினியாரின் கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். துணி வியாபாரத்துக்கு நெசவாளர்கள் வேண்டியிருந்தது. கூவம் ஆறு வளைந்து செல்லும் இடத்தில் இருந்த ஒரு தோட்டத்தை எடுத்து, தறிகாரர்களையும் நூல் நூற்பவர்களையும் வெளியூர்களிலிருந்து வரவழைத்துக் குடியேற்றினார்கள். 'சின்னத் தறிப் பேட்டை' என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று சொல்வார்கள்.

வந்தவர்களுக்கு இங்கே அண்ணன் தம்பி கிடையாது. பக்கத்துத் தறிதான் சொந்தம். கும்பிடுவதற்கு ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் அடுத்தடுத்த கோயில்களில் எழுந்தருளினார்கள். சிவனும் பெருமாளும் இப்படிப் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருப்பதால், மார்கழி மாதத்தில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒரே தெருவில் கேட்கும் பாக்கியம் எங்கள் பேட்டைக்கு உண்டு. கொஞ்சம் நடந்தால் சீயோன் ஆலயம். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திர விளக்கு. மசூதிகளும் உண்டு. ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி வாங்க எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தூக்குப் பாத்திரத்தோடு போவார்கள்.

தறிகள் போய்விட்டன. மோட்டார் உதிரிச் சாமான் கடைகள் வந்துவிட்டன. 1995-ல் தலைக்கு மேலே பறக்கும் ரயிலும் வந்தது. ஆனால் மீன் மார்க்கெட்டில் பண்டிகைக் கூட்டம் குறையவில்லை. காணும் பொங்கல் காலையில் அங்கே போய் வஞ்சிரம் வாங்கி வருகிறவருக்கு வீர விருது கொடுக்கலாம்.

தீபாவளி வந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தீவுத்திடலில் பட்டாசுக் கடைகள். தை மாதம் அதே இடத்தில் சுற்றுலாப் பொருட்காட்சி. ராட்டினம் சுற்றும் வெளிச்சம் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும். காணும் பொங்கலுக்கு மெரினா கடற்கரை. அங்கே கூட்டத்தில் குழந்தைகள் தொலைந்து போகாமல் இருக்க, போலீசார் சின்னக் கைகளில் பெயரும் போன் நம்பரும் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். மிகவும் நல்ல ஏற்பாடு.

பட்டாசைப் பற்றி ஒரு வார்த்தை. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்று உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அரசாங்கம் நேரம் குறித்தது. பிள்ளைகள் முகம் சுருங்கியது. என் மகளும் அழுதாள். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வேடிக்கை நடந்தது. முன்பெல்லாம் ஒரு வீட்டார் விடியற்காலையிலும், இன்னொரு வீட்டார் மத்தியானத்திலும் வெடிப்பார்கள். இப்போது எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருகிறார்கள். மாடி வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள்கூட அந்த ஒரு மணி நேரம் கீழே இறங்கி நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். மத்தாப்பு தீர்ந்த பிறகும் பேச்சு தீருவதில்லை. சட்டம் போட்டவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு குக்கர்கள்

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

அந்தப் பொய் சொன்ன மறு வருஷம், என் மனைவியிடம் தாராளமாக, "இந்தப் பொங்கலுக்கு நீயும் குழந்தையும் கோவில்பட்டிக்குப் போய் வாருங்கள். நான் அம்மாவோடு இருக்கிறேன்" என்றேன். இதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்தில் உண்டா என்று எனக்குள் பெருமை வேறு!

போகிப் பண்டிகைக்கு முதல் நாள் எழும்பூரில் இருவரையும் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன்.

பொங்கல் அன்று காலையில் எழுந்தேன். வாசலில் சின்னக் கோலம்தான் இருந்தது. என் தாயார் வருஷா வருஷம் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, கலர்ப் பொடியைக் கையில் கொடுத்து, தெருவில் பாதியை அடைத்துப் போடும் கோலம் காணோம். அடுப்படிக்குப் போனேன்.

"ரெண்டு பேருக்கு என்னத்துக்குடா பானை? குக்கர்லயே வச்சிடட்டுமா?" என்றாள் என் தாயார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வார்த்தை! கோவில்பட்டியில் கேட்ட அதே குக்கர்!

ஒரு வீட்டுச் சந்தோஷத்தை எடுத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுத்திருந்தேனே தவிர, இரண்டு வீட்டுக்கும் சந்தோஷத்தைக் கொடுக்கவில்லை. கோவில்பட்டியிலும் முழுச் சந்தோஷம் இல்லை என்று பிறகு தெரிந்தது. "மாப்பிள்ளை ஏன் வரல? ஏதும் மனஸ்தாபமா?" என்று அண்டை வீட்டார் கேட்டுக் கேட்டு என் மாமியாரை ஒரு வழி பண்ணிவிட்டார்களாம்.

அதற்கு அடுத்த வருஷம் இன்னும் பெரிய முட்டாள்தனம் செய்தேன். காலையில் சிந்தாதிரிப்பேட்டையில் பானை. மத்தியானம் ரயில். நடு ராத்திரியில் கோவில்பட்டி. குழந்தைக்கு வழியில் காய்ச்சல். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமியார் ஆறிப்போன சர்க்கரைப் பொங்கலைச் சுடவைத்து வைத்துக்கொண்டு, தூங்காமல் உட்கார்ந்திருந்தார். இங்கே என் தாயார் மறுநாள் மாட்டுப் பொங்கல் அன்று தனியாக இருந்தாள். ரயிலில் திரும்பி வரும்போது என் மனைவியும் நானும் பேசிக்கொள்ளவில்லை. விழுப்புரம் தாண்டிய பிறகுதான், "டீ வேணுமா?" என்று அவள் கேட்டாள்.

வீடியோவில் பேசலாமே என்பார்கள். பேசத்தான் பேசினோம். பெரியவர்கள் போனைப் பிடித்தால் நெற்றி மட்டும் தெரியும், அல்லது மின்விசிறி தெரியும். பொங்கல் பொங்குவதைப் போனில் காட்டலாம். ஒரு வாய் கொடுக்க முடியுமா?

கேட்டதும் தெரிந்தது

அந்த வருஷம் தீபாவளி முடிந்த ஒரு சாயங்காலம், என் தாயாரிடம் பழைய பொய்யைச் சொல்லிவிட்டேன். சம்பந்தி வீட்டில் பொங்கல் அன்று பானை வைப்பதில்லை என்ற விஷயத்தையும் சொன்னேன்.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

"இத ஏன்டா ரெண்டு வருஷமா சொல்லல? அவங்களுக்கும் ஒண்ணே ஒண்ணுதானே!" என்றாள்.

பிறகு என்னிடம் கேட்காமல், என் மனைவியிடமும் கேட்காமல், தானே போனை எடுத்து என் மாமியாரோடு பேசினாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். கலியாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் பேசியதை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு நேரம் வராது. சம்பந்திகள் என்றால் நம் வழக்கத்தில் நலம் விசாரிப்பதோடு சரி. மனத்தில் இருப்பதைச் சொன்னால் மரியாதைக் குறைவு என்று எண்ணம்.

பேசி முடித்து என் தாயார் சொன்ன விஷயத்தைக் கேட்டு நான் அசந்துபோனேன்.

என் மாமியார் இத்தனை வருஷமாக ஏங்கியது தைப் பொங்கலுக்கு அல்ல. சிறுவீட்டுப் பொங்கலுக்கு!

சென்னைப் பக்கத்து வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் சிறுமிகளுக்கென்றே ஒரு பொங்கல் உண்டு. மார்கழி மாதம் முழுவதும் வாசல் கோலத்தில் சாணம் பிடித்து வைத்து அதன் மேல் பூசணிப் பூ வைப்பார்கள். அதையெல்லாம் வரட்டியாகத் தட்டிக் காய வைப்பார்கள். தைப் பொங்கல் முடிந்த பிறகு தை மாதத்தில் ஒரு நாள், வீட்டு முற்றத்தில் களிமண்ணால் சின்ன வீடு கட்டுவார்கள். அந்தச் சின்ன வீட்டின் முன்னால் பெண் குழந்தை தன் கையால் பொங்கல் வைப்பாள். பிறகு அந்தப் பொங்கலையும் பூ வரட்டியையும் எடுத்துப் போய் ஆற்றில் விடுவார்கள். பெரியவர்கள் எல்லாரும் அந்தக் குழந்தைக்கு உதவியாட்கள். அன்றைக்கு அவள்தான் வீட்டு எஜமானி.

என் மாமியார் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். தன் பெண்ணுக்குச் செய்தார். பேத்திக்குச் செய்யவேண்டும் என்று ஆசை. பேத்தி பிறந்த வருஷத்திலிருந்து மார்கழியில் பூசணிப் பூ வரட்டி சேர்த்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு வருஷமும் வாய் திறந்து கேட்கவில்லை.

என் தாயாருக்கு வேண்டியிருந்தது பானையும் அல்ல, பண்டமும் அல்ல. பேத்தியோடு தெருவில் உட்கார்ந்து கோலம் போடவேண்டும். அதைப் பக்கத்து வீட்டார் நின்று பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு வீடும் ஒரே நாளுக்காகச் சண்டை போடுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரித்தால் ஒருவர் கேட்டது தை முதல் நாள். இன்னொருவர் கேட்டது தை மாதத்தில் வேறொரு நாள்!

நம் பெரியவர்கள் பண்டிகையை அகலமாகத்தான் வைத்திருக்கிறார்கள். பொங்கல் என்றால் போகி, தைப் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று நாலு நாள். நவராத்திரி ஒன்பது ராத்திரி. எல்லாரும் ஒரே நாளில் ஒரே வேளையில் கூடவேண்டும் என்பது நாமாக வைத்துக்கொண்ட பிடிவாதம். காணும் பொங்கல் என்பதே பெரியவர்களைப் போய்க் கண்டு வருவதற்காக ஏற்பட்ட நாள். அதை நாம் கடற்கரைக்குக் கொடுத்துவிட்டோம்.

வேறு மதத்தில் சம்பந்தம் செய்துகொண்டவர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம்தான். மருமகள் வீட்டில் கிறிஸ்துமஸ், மகன் வீட்டில் பொங்கல். மோதலே இல்லை. அதற்கு முன்னால் வேறு மோதல்களைத் தாண்டி வந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

படியோடு வந்த மாமனார்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புது ஏற்பாடு ஆரம்பித்தது. தைப் பொங்கலுக்குக் கோவில்பட்டியார் சிந்தாதிரிப்பேட்டைக்கு வருவது. ஜனவரி 26 விடுமுறையை ஒட்டி நாங்கள் அங்கே போய்ச் சிறுவீட்டுப் பொங்கல் வைப்பது. அந்தப் பயணத்தில் என் தாயாரும் கூட வருவது.

சொல்வது சுலபம். என் மாமனார் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பெண் கொடுத்த வீட்டில் போய்ப் பண்டிகைக்கு உட்காருவதா? ஊரில் என்ன சொல்வார்கள்? இரண்டு நாள் இதே பேச்சு.

வழி சொன்னவள் என் மனைவிதான். "அப்பா, பொங்கல்படி கொண்டு வந்து குடுக்கவேண்டியது உங்க கடமைதானே? பார்சல்ல போடாம நேர்ல கொண்டாங்க" என்றாள்.

மனிதர் யோசித்தார். படி கொண்டுவரும் தகப்பனாருக்கு எந்த வாசலிலும் மரியாதை உண்டு. போகிக்கு முதல் நாள் எழும்பூர் ஸ்டேஷனில் மஞ்சள் குலையும் கிழங்கு மூட்டையும் கடலை மிட்டாய் டப்பாவுமாக இறங்கினார். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த விவரத்தைத் தெருவில் எல்லாருக்கும் சொன்ன பிறகுதான் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒரே அடுப்படியில் இரண்டு பாட்டிமார்கள்! வெல்லம் எவ்வளவு போடுவது என்பதில் தர்க்கம். என் தாயாருக்குப் பொங்கல் கெட்டியாக இருக்கவேண்டும். மாமியாருக்குக் குழைந்திருக்கவேண்டும். கடைசியில் இரண்டு பானை வைத்தார்கள். எது முதலில் பொங்கும் என்று என் மகள் இரண்டுக்கும் நடுவில் நின்று தட்டைத் தட்டினாள். எது முதலில் பொங்கியது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் இரண்டு வீட்டிலும் சாப்பிடவேண்டியவன்.

ஒரு பானைப் பொங்கல் மிஞ்சியது. எங்கள் கட்டடத்திலேயே மூன்று வீடுகளில் பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள். என் தாயார் கிண்ணத்தில் போட்டு அனுப்பவில்லை. "வந்து சாப்பிடுங்க" என்று மேலே போய் அழைத்தாள். மூன்று வீட்டாரும் வந்தார்கள். கூப்பிட்டால் வரமாட்டார்கள் என்று நாங்கள் அதுவரை நினைத்திருந்தோம். கூப்பிட மாட்டார்கள் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

மலேசியாவில் இருக்கும் தமிழர்களுக்கு இதில் தயக்கமே இல்லை. அங்கே தீபாவளிக்குத் 'திறந்த இல்லம்' என்று வைக்கிறார்கள். மலாய்க்காரரும் சீனரும் பக்கத்து வீட்டாரும் வந்து முறுக்குச் சாப்பிட்டுப் போவார்கள். நோன்புப் பெருநாளுக்கும் சீன வருஷப் பிறப்புக்கும் இவர்கள் அங்கே போவார்கள். நம் கொலுவும் அந்த மாதிரிதானே? சுண்டலும் வெற்றிலை பாக்கும் வைத்துக்கொண்டு யார் வந்தாலும் 'வாங்க' என்று சொல்லும் ஒன்பது நாள். அதைப் பொங்கலுக்கும் கொஞ்சம் நீட்டினால் என்ன?

தேதியும் செலவும்

இந்த மாதிரி ஏற்பாடு செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு விவரம். ரயிலில் முன்பு 120 நாளுக்கு முன்னால் இடம் பதிவு செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள் ஆகிவிட்டது. ஆகவே பொங்கல் ரயிலுக்கு நவம்பர் நடுவில் காலை 8 மணிக்குப் பதிவு ஆரம்பிக்கும். தென்மாவட்ட ரயில்கள் சில நிமிஷங்களில் நிரம்பிவிடும். யார் எங்கே போவது என்று அன்றைக்குக் காலையில் வீட்டில் பேச ஆரம்பித்தால் டிக்கெட்டும் கிடைக்காது, நிம்மதியும் கிடைக்காது. பஸ்ஸில் போகலாம் என்றால், 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்குப் போகவேண்டும். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். எழும்பூருக்கு நடந்தே போய்ப் பழகிய எங்களுக்கு அதுவே ஒரு வெளியூர்ப் பயணம்.

தீபாவளி முடிந்த வாரத்திலேயே பேசிவிடுவது நல்லது. கணவனும் மனைவியும் முதலில் தனியாகப் பேசவேண்டும். பிறகு அவரவர் பெற்றோரிடம் அவரவரே சொல்லவேண்டும். மருமகளை விட்டு மாமியாரிடம் சொல்லச் சொன்னால், நியாயமான வார்த்தையும் அநியாயமாகக் காதில் விழும். இது என் அனுபவம்.

செலவையும் பேசத்தான் வேண்டும். தலைத் தீபாவளிக்கு மோதிரம், பொங்கலுக்குப் பட்டு என்று எதிர்பார்த்துக்கொண்டு வாய் திறவாமல் இருப்பார்கள். வராவிட்டால் முகம் தூக்கிக்கொள்வார்கள். பவுன் விற்கும் விலையில், ஓய்வூதியத்தில் இருக்கும் ஒரு தகப்பனார் எங்கே போவார்? என் மாமனாரிடம், "கிழங்கும் மஞ்சளும் போதும் மாமா" என்று நான் முதல் வருஷமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கொண்டு வந்த பட்டு வேட்டியை மூன்று வருஷம் பேசாமல் வாங்கி வைத்தேன். அதற்கு அவர் கடன் வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரியும்.

போன வருஷம் காணும் பொங்கல் அன்று சாயங்காலம் எல்லாருமாகத் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனோம். மகள் ராட்டினத்தில் ஏறவேண்டும் என்றாள். கூட ஏற மாமனார் ஒருவர்தான் துணிந்தார். கீழே என் தாயாரும் மாமியாரும் ஒரே டெல்லி அப்பளத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தபடி நின்றார்கள். ராட்டினம் ஒவ்வொரு சுற்று கீழே வரும்போதும் இருவரும் பேத்தியைப் பார்த்துக் கை ஆட்டினார்கள்.

இந்த வருஷ ஜனவரி 26-க்குக் கோவில்பட்டிக்குப் போனபோது, களிமண் வீட்டுக்கு மகள் சன்னலும் வைத்தாள். ஒன்று போதாதென்று இரண்டு. இது எந்த ஊர் வழக்கம் என்று மாமியார் கேட்டார். "சிந்தாதிரிப்பேட்டை வழக்கம்" என்றாள்.

அடுத்த பொங்கலுக்கு டிக்கெட் பதிவு செய்யும் தேதியை என் தாயார் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். நேற்றுக்கூடக் கேட்டாள்.

"சம்பந்தியம்மாவுக்கு முட்டி வலிடா. கீழ் பெர்த் கிடைக்குமில்ல?"